விழுங்கிய வாக்கியம்

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நான் செய்த கேவலம் முழுவதும் அந்தப் பெருமையில்தான் தொடங்கியது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது கேகாலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். விலை கேட்பார்கள், பஸ்ஸில் இறங்குமிடம் சொல்வார்கள், யாராவது ஏசினால் அதைவிட நன்றாகத் திருப்பி ஏசுவார்கள். அதற்கு மேல் போகாது. நான் அப்படியல்ல. தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்று அப்பா என்னைச் சிங்களப் பள்ளியில் சேர்த்துவிட்டார். பத்தாம் வகுப்பு வரை அங்கே படித்தேன். ஆஸ்பத்திரித் துண்டு வாசிக்கவும் அரசாங்கக் கச்சேரிக்குக் கடிதம் எழுதவும் என்னிடம்தான் வருவார்கள். வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிப்பதும், ஜெபமாலை தொடங்குவதும், யார் முக்காடு போடவில்லை என்று திரும்பிப் பார்ப்பதும் நானே. ரெஜினாக்கா என்றால் தோட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே ருசித்தேன்.

போன தவக்காலத்தில் எங்கள் பங்குச் சாமிக்கு முதுகில் ஆபரேஷன். அவருக்குப் பதிலாக, மலைநாட்டுத் துறவு மடம் ஒன்றிலிருந்து மௌரஸ் சாமி வெள்ளிக்கிழமைதோறும் வருவதாக ஏற்பாடாயிற்று. சிங்களவர், அறுபது வயதிருக்கும். இரண்டு பஸ் மாறி வந்து, சந்தியில் ஜுனைதீன் நானாவின் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, துணிப்பையோடு மேடேறி நடந்து வருவார். சிலுவைப்பாதை முடிந்ததும் அரை மணி நேரம் பேசுவார். மடத்தில் துறவிகள் எப்படி வாழ்கிறார்கள், அதில் எதை நாங்கள் லயத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல். ஒன்று ‘வணக்கம்’, இன்னொன்று யாராவது சோறு அதிகமாகப் போட்டால் சொல்வதற்கு ‘போதும்’. ஆகவே அவர் ஒரு வாக்கியம் சொல்ல, அதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

நான் எங்கே ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினேன்! அவர் ஒன்று சொன்னால் நான் மூன்று சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னதை நான் கையை ஆட்டி, குரலை ஏற்றிச் சொன்னேன். “ரெஜினாக்கா சொன்னாத்தான் மனசுல ஒட்டுது” என்று பால் வெட்டும் சுகந்தினி எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்தத் தடவையாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை சாமி சொன்னது: “மடத்தில் எல்லாரும் சேர்ந்து சங்கீதம் வாசிக்கும்போது ஒருவர் பிழையாக வாசித்துவிட்டால், அதே இடத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. பிழையைவிட அதை மறைப்பதுதான் பெரிது.” நான் இதைச் சொல்லிவிட்டு, “நம்ம லயத்துல அப்பிடி ஆரம்பிச்சா பொழுதன்னைக்கும் எல்லாரும் எழுந்திரிச்சுத்தான் நிக்கணும்” என்று என் பங்குக்குச் சேர்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமலே சாமியும் சிரித்தார்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை கதவைப் பற்றிச் சொன்னார். மடத்து வாசலில் யார் தட்டினாலும், யார் என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவர் ‘இறைவனுக்கு நன்றி’ என்று சொல்வாராம். வந்திருப்பது பிச்சைக்காரராக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம். நன்றி முதலில், கேள்வி பிறகு. இது எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மறுநாளே பிள்ளைக் காம்பராவில் ஆரம்பித்துவிட்டேன். மூக்கு ஒழுகுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது கதவைத் தட்டினால் “இறைவனுக்கு நன்றி!” என்று உள்ளேயிருந்து கூவுவேன். தோட்டத்து நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா வந்தபோது இன்னும் சத்தமாகக் கூவினேன்.

இனி ஜெயம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெயம்மா என் பக்கத்துக் காம்பராக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவள், பால் வெட்டுகிறவள். புருஷன் செத்து எட்டு வருடம். ஒரே மகன் பிரதீபன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. லயத்தில் எல்லாச் சுவரும் அப்படித்தான். அதனால் அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவளோ மூச்சோடு நிறுத்துகிறவள் அல்ல. காலையில் தண்ணீர் சுடவைக்கும்போது ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரை மூக்கால் அழுதபடி இருப்பாள். முதுகு நோவுது, கூரை ஒழுகுது, மேல் மலையில வெட்டுக் குடுத்துட்டாங்க, இந்தச் சரிவுல எறங்குறவளுக்குத்தான் தெரியும், பூட்ஸ் கிழிஞ்சிருச்சு, சின்ன வயசுல பேராதனையில டீச்சர் வீட்டு அடுப்படியில கெடந்தப்பவும் இப்பிடித்தான், யாரு கேட்டா! சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பல வருடமாக அவள் பேசுவது எனக்குச் சத்தமாகத்தான் கேட்டது. அதில் என்ன சொல்கிறாள் என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை சாமி பேச எடுத்த சொல் ‘மெஸிவிலி’.

சிங்களத்தில் மெஸிவிலி என்றால் முணுமுணுப்பு. ஒருவருக்கும் நேராகச் சொல்லாமல், மூலையில் நின்று புலம்பி, கேட்பவர்கள் மனதையும் கசப்பாக்குவது. ஆபீஸிலோ போலீஸிலோ போய்ச் சொல்லும் முறைப்பாட்டுக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது: பெமிணில்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிங்களம் படித்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சாமி சொன்னார்: “மடத்தில் எல்லாவற்றையும்விடப் பயப்படுவது மெஸிவிலிக்குத்தான். வாயால் செய்தாலும் சரி, மனதுக்குள் செய்தாலும் சரி, அது வீட்டையே அரித்துவிடும்.” கொஞ்சம் நிறுத்தி மேலே சொன்னார்: “ஆனால் ஒருவருக்கு நோவு இருந்தால், சுமக்க முடியாத வேலை கொடுக்கப்பட்டிருந்தால், அவர் சும்மா இருக்கக் கூடாது. கேட்க வேண்டியவரிடம் நல்ல நேரம் பார்த்துப் போய், நேராக, ஒரு தரம் சொல்ல வேண்டும். அது மெஸிவிலி அல்ல. கேட்பவருக்கு அதைக் கேட்கிற கடமை இருக்கிறது.”

என் முறை வந்தது. முன்வரிசையில் ஜெயம்மா, காலை ஒரு பக்கம் நீட்டி, உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் ஒரு கட்டையில் இடித்துக் கால் விரலில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு வாரமாக சுவரின் அந்தப் பக்கம் அதே பாட்டு. அவளைப் பார்த்தபடி நான் சொன்னேன்:

“முறைப்பாடு பண்றவங்களுக்கு மடத்துல எடமே இல்லன்னு சாமி சொல்றாரு. கால் நோவுது, கை நோவுதுன்னு சதா சொல்லிக்கிட்டு இருக்கிறது ஆண்டவர் மேலயே முறைப்பாடு பண்றதுதான். எது வந்தாலும் வாயத் தொறக்கப்படாது.”

அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை வருகிறது. மறக்கவில்லை. ‘கேட்பவருக்குக் கடமை’ என்பது வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் இவள் இன்றைக்கே என் வாசலில் வந்து நிற்பாள் என்று பட்டது. விழுங்கிவிட்டேன். பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சிலர் ஜெயம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் குனிந்து முந்தானையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

“இறைவனுக்கு நன்றி!” என்றேன்.

ஜெயம்மா. உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமான இழுவை இல்லாமல், ஒரே மூச்சில் சொன்னாள்: “அக்கா, கால் புண்ணு நல்லா இல்லக்கா. எனக்குச் சீனி வருத்தம் இருக்கு, ரத்தத்துல சீனி கூடிப் போச்சு. நாளைக்கு என்னோட கேகாலை ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா? எங்கம்மாவுக்கு அங்கதான் கால எடுத்தாங்க. தனியா போகப் பயமாயிருக்கு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? உதட்டில் விரலை வைத்தேன். சிரித்துக்கொண்டே வைத்தேன். “ஜெயம்மா! சாமி இன்னைக்கு என்ன சொன்னாரு? அதுக்குள்ள மறந்துட்டியா?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. “சரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சுவர் வாயை மூடிக்கொண்டது. காலையில் அடுப்பு ஊதுகிற சத்தம், வாளி வைக்கிற சத்தம், அவ்வளவுதான். ஒரு வாரம் இரண்டு வாரமானது. ஆஹா, என்ன நிம்மதி என்று இருந்தேன். ஜெபம் ஒழுங்காகப் போயிற்று. ஜெயம்மாவைப் பைப்படியில் கண்டால் சிரித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எப்போதும் பூட்ஸ் போட்டிருந்தாள், தண்ணீர் எடுக்கவும் பூட்ஸ். கொஞ்சம் நொண்டினாள். சரிவில் இறங்கி ஏறுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் நொண்டத்தான் செய்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் சுவருக்கு மேலாக ஒரு நாற்றம் வந்தது. மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சேர்த்துச் சாக்கில் கட்டி வைத்தால், மழை நாளில் செத்த எலி மாதிரி நாறும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாற்றத்துக்குக் காரணம் தேட மாட்டோம். “ஜெயம்மா, ஒட்டுப்பால் சாக்க வெளிய வையி, நாறுது” என்று சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். “சரிக்கா” என்றாள். அவள் வீட்டில் ஒட்டுப்பால் சாக்கு ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வெள்ளிக்கிழமை நான் சாமியிடம் போய்ப் பெருமையடித்தேன். “பாதர், நீங்கள் சொன்னதைக் கேட்டு எங்களில் ஒருத்தி மெஸிவிலியை அடியோடு விட்டுவிட்டாள்” என்றேன். சாமிக்கு முகம் மலர்ந்தது. “எங்கள் மடத்தில் இருபது வருடம் இருந்தவருக்கே அது வரவில்லை. அவர் யார்?” என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். ஜெயம்மா அதற்குள் போயிருந்தாள். “பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும்போது அவரையும் பன்னிரண்டு பேரில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார் சாமி.

ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவிய நினைவாக, பெரிய வியாழன் பூசையில் சாமி பன்னிரண்டு பேருடைய பாதம் கழுவுவார். எங்கள் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியல் போடுவது நான். அதில் இடம் கிடைப்பது ஒரு கௌரவம். ஜெயம்மாவிடம் சொன்னபோது வேகமாகத் தலையை ஆட்டினாள். “வேணாக்கா. என்னைய விட்டுருங்க.”

“சாமி ஆசப்பட்டுக் கேட்டிருக்காரு. மாட்டேன்னா அதுவும் ஒரு முறைப்பாடுதான்” என்றேன்.

வந்தாள். பின்னேரம் மூன்று மணிப் பூசை. பீடத்துக்கு முன்னால் உட்கார இரண்டு நீள வாங்கு போட்டிருந்தோம். ஜெயம்மா கடைசியில் உட்கார்ந்தாள். வலது காலில் செருப்பு, இடது காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்துக்குள் போடுகிற வெள்ளைக் காலுறை, மேஸ். மேஸோடு பாதம் கழுவ வந்திருக்கிறாளே, கழற்றித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சல். நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு சாமிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தேன். ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்து முத்தமிட்டு, சாமி பன்னிரண்டாம் ஆளின் முன்னால் முழந்தாளிட்டார். வலது காலைக் கழுவினார். பிறகு இடது காலை எடுத்து மடியில் வைத்து, மேஸை மெதுவாக உருட்டி இறக்கினார். அது பாதியில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துப் பிரித்தார்.

சுவருக்கு மேலாக வந்த அதே நாற்றம். சின்ன விரலும் அடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. பாதம் கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது.

என் செம்பிலிருந்த தண்ணீர் சாமியின் அங்கியில் கொட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தியபடி தலையை நிமிர்த்தி ஜெயம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார்: “மகளே, இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

மொழிபெயர்க்க வேண்டியவள் நான். என்ன சொல்லி மொழிபெயர்ப்பது என்று சொல் தேடினேன். அதற்குள் ஜெயம்மா பதில் சொல்லிவிட்டாள்.

“எக்க பாரக் கிவ்வா, பாதர்.”

ஒரு தரம் சொன்னேன், பாதர். எங்கள் கடைச் சிங்களம் இல்லை அது. சுத்தமான, மரியாதையான, வீட்டுக்குள் பேசிப் பழகிய சிங்களம்.

“யாரிடம்?” என்றார் சாமி.

ஜெயம்மா முந்தானையை இழுத்துக் காலை மூடப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும். பின்னாலிருந்து சுகந்தினி கேட்டாள்: “அவ என்ன சொன்னா அக்கா?”

“யாருக்கோ சொன்னாளாம்” என்றேன்.

யாருக்கோ! மூன்றாம் வெள்ளிக்கிழமை ஒரு வாக்கியத்தை விழுங்கினேன். இப்போது என்னையே விழுங்கிக்கொண்டேன். ஆண்டவரின் பீடத்துக்கு முன்னால், கையில் செம்போடு, கூசாமல் சொன்னேன்.

சாமி எழுந்தார். “பூசை காத்திருக்கும்” என்று சொல்லி, தோளில் கிடந்த துவாலையால் அந்தக் காலைச் சுற்றினார். யாரோ சந்திக்கு ஓடினார்கள். ஜுனைதீன் நானா தன் வான் வண்டியை மேட்டுவரை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் கோயிலுக்குள் அதற்கு முன் வந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, “எழும்ப வேணாம் தங்கச்சி” என்று ஜெயம்மாவை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. நானும் ஏறப் போனேன். சாமி ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, வானில் இடமில்லை. எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது.

பெரிய வெள்ளி அன்று இரண்டு விரலையும் எடுத்தார்கள். இன்னும் நாலு நாள் போயிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சனிக்கிழமை நோயாளரைப் பார்க்கிற நேரத்துக்குப் போனேன். ஒரு பிஸ்கட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வார்டு வாசலில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே பிரதீபன் தாயின் தலைமாட்டில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, “அக்காதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க” என்று நாற்காலியை எனக்குத் தள்ளினான். உட்கார முடியவில்லை. அவன் தேநீர் வாங்கப் போனதும்தான் பேச்சு வந்தது.

“ஒனக்கு இவ்வளவு சிங்களம் எப்பிடித் தெரியும்?”

ஜெயம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். “பதினோரு வயசுலேருந்து இருவது வரைக்கும் பேராதனையில டீச்சர் வீட்ல இருந்தேனே அக்கா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

சொல்லியிருக்கிறாள். சுவருக்கு மேலாக நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

“அப்ப அன்னைக்கு சாமி சொன்னது…”

“வெளங்கிச்சுக்கா. மெஸிவிலி வேற, பெமிணில்ல வேற. நோவு இருந்தா கேக்க வேண்டியவங்ககிட்ட, நல்ல நேரம் பாத்து, ஒரு தரம் சொல்லச் சொன்னாரு. அதான் அன்னைக்கு அந்தியில ஒங்ககிட்ட வந்தேன். எனக்கு வேற யாரு இருக்கா? செவத்துக்கு அந்தப் பக்கம் நீங்கதானே.”

“ஏன்டி மறுபடியும் சொல்லல?”

“ரெண்டாந்தரம் சொன்னா அது மெஸிவிலியாப் போயிருமோன்னு நெனச்சேன்” என்றாள். கேலி இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறாள். முப்பது வருடம் ஜெபமாலை உருட்டிய நான் கேட்காத சொல்லை அவள் கேட்டு, சொன்னபடி நடந்திருக்கிறாள்.

“அன்னைக்கு சாமி சொன்னத நான் கோயில்ல மாத்திச் சொன்னப்பவே எழும்பிச் சொல்லியிருக்கலாமே!”

“அத்தன பேருக்கு முன்னுக்கு எப்பிடிக்கா? ஒங்களுக்கு வெக்கமாப் போயிருமே.”

எனக்கு வெட்கமாகப் போய்விடக் கூடாது என்று அவள் இரண்டு விரலைக் கொடுத்திருக்கிறாள். அதைக் கேட்டபிறகும் அந்த இடத்தில் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், பிஸ்கட் பெட்டியோடு. “சமாவெண்ட” என்றேன். மன்னித்துவிடு என்பதைச் சிங்களத்தில் சொன்னேன். பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் சொல்கிற சொல் அது. என்னைவிட இளையவளிடம் அதைத் தமிழில் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஜெயம்மா என் கையைப் பிடித்தாள். “தமிழ்ல சொல்லுங்கக்கா” என்றாள்.

“மன்னிச்சிரு ஜெயம்மா” என்று சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது; கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். மௌரஸ் சாமி பேசுவதற்கு எழுந்து, வழக்கம்போல் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், “பாதர், எனக்கு ஒரு பிழை இருக்கிறது” என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒதுங்கி இடம் விட்டார்.

முதலில் சிங்களத்தில் சாமிக்கு, பிறகு தமிழில் எல்லாருக்கும் சொன்னேன். “மூணாவது வெள்ளிக்கிழமை சாமி சொன்னத நான் மாத்திச் சொன்னேன். முணுமுணுப்புன்னு சொன்னத முறைப்பாடுன்னேன். ஒரு வசனத்த வேணும்னே விட்டுட்டேன். ஜெயம்மா வந்து ஒரு தரம் சொன்னது என்கிட்டதான். நான் வாய மூடச் சொன்னேன். பிழை என்னோடது.”

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? “நான் அப்பிடிச் செஞ்சது ஏன்னா, பத்து வருஷமா செவத்துக்கு அந்தப் பக்கம்…” என்று ஆரம்பித்துவிட்டேன். சாமிக்குத் தமிழ் தெரியாதுதான். என் குரலில் என்ன கேட்டதோ தெரியவில்லை.

“போதும்” என்றார் தமிழில்.

வாயை மூடினேன். ஒருத்தியாவது என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். சுகந்தினிதான் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப அந்த விட்டுப்போன வசனம் என்ன அக்கா?”

சொன்னேன். கையை ஆட்டாமல், ஒன்றும் சேர்க்காமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம். சொல்லி முடித்ததும் சுகந்தினி தன் பிள்ளையை மடியில் மாற்றி உட்காரவைத்துக்கொண்டு, “எனக்கும் பூட்ஸ் கிழிஞ்சு மூணு மாசமாச்சு. நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி, மேல் மலை வெட்டுக்காரி, தனக்குக் கர்ப்பம் ஐந்து மாதம் என்றும் அதை இன்னும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஜெயம்மாவைப் பார்த்துச் சிரித்த அதே பெண்கள். நான் மூடியது ஒரு வாயை மட்டும் என்றல்லவா இருந்தேன்!

திங்கட்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். சொன்னது அவர்கள், நான் மொழிபெயர்த்தேன். பூட்ஸ் வந்தது. இதை எழுதுவது என்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லிக்கொள்வதற்காக அல்ல. வாசகத்தை இப்போது சுகந்தினி வாசிக்கிறாள். யாரும் என்னிடம் மரியாதை குறைத்துப் பேசவில்லை. ரெஜினாக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போது என் கண் அவர்கள் காலைத்தான் பார்க்கிறது.

மூன்று வாரம் கழித்து ஜெயம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நான் காத்திருந்தேன், அந்தப் பக்கம் பழைய பாட்டு ஆரம்பிக்கும் என்று. ஆரம்பிக்கவில்லை. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. கட்டை ஊன்றி நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் அந்தியில் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய், எங்கள் நடுச்சுவரை விரலால் தட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தட்டினேன்.

அந்தப் பக்கம் கட்டை ஊன்றும் சத்தம் நின்றது. பிறகு, “இறைவனுக்கு நன்றி” என்றாள் ஜெயம்மா.

“கால் எப்பிடி இருக்கு?”

“பரவால்லக்கா.”

“ஜெயம்மா, நான் கேக்குறேன்ல. உண்மையச் சொல்லு.”

கட்டை நகர்ந்தது. சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள் போலிருக்கிறது. அவள் மூச்சு கேட்டது.

“நோவுதுக்கா” என்றாள். “இல்லாத வெரல்தான் நோவுது.”

செருப்பைத் தேடாமல் அவள் காம்பராவுக்குப் போனேன்.